ஆறு மணிக்குப் பிறகு யாருடைய கை?

என் அப்பா சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் பிளேட் பிரிவில் வேலை பார்த்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு, எனாமல் பெயின்ட் டப்பாக்களும் பிரஷ்களும் அடுக்கிய மரப்பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு மறுபடி கிளம்புவார். கடைகளுக்கு போர்டு எழுதத்தான். சாக்பீஸ் தூள் தடவிய நூலின் ஒரு முனையை நான் பிடித்துக்கொள்ள, மறுமுனையை அவர் பிடித்துச் சுண்டிவிடுவார். தகரத்தின் மேல் வெள்ளைக் கோடு நேராக விழும். அந்தக் கோட்டின் மேல் ‘மளிகை’ என்கிற மூன்று எழுத்தை அவர் எழுதி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

அவருடைய முதலாளிக்கு இது தெரியும். தெரியாமல் இருக்க வழியில்லை, அச்சகத்துக்குப் போகிற தெருவிலேயே அப்பா எழுதிய போர்டுகள் ஏழெட்டு தொங்கின. அச்சகம் புதுக் கட்டடத்துக்கு மாறியபோது முகப்புப் பலகையை அவரையே எழுதச் சொன்னார் முதலாளி. இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினார். அதற்கான கூலியைச் சம்பளத்தோடு சேர்க்காமல் தனிக் கவரில் போட்டுக் கொடுத்தார் முதலாளி. பலகை எழுதியது பிளேட் பிரிவுத் தொழிலாளி அல்ல, வெளியிலிருந்து வந்த ஓவியர் என்பதை இருவரும் பேசாமலே ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கவரைப் பற்றி நான் நெடுநாள் நினைத்துப் பார்த்ததில்லை. சென்னையில் ஒரு பதிப்பு நிறுவனத்தில் பக்க வடிவமைப்பாளனாகச் சேர்ந்து, இரவில் வெளி ஆட்களுக்கு நூல் அட்டையும் லோகோவும் கல்யாணப் பத்திரிகையும் செய்யத் தொடங்கிய பிறகுதான் அது அடிக்கடி ஞாபகத்துக்கு வருகிறது. என் வேலை நியமனக் கடிதத்தில் ஒரு வரி இருந்தது: பணிக்காலத்தில் வேறு எந்த வேலையிலும், ஊதியம் பெற்றோ பெறாமலோ, ஈடுபடக் கூடாது. சேர்ந்த அன்று படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். பெரும்பாலோர் அப்படித்தான் போடுகிறார்கள். படித்திருந்தாலும் போட்டிருப்பேன், அந்த வேலை எனக்கு வேண்டியிருந்தது.

2022-ல் இந்த வரி நாடு முழுக்கப் பேச்சானது. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஸ்விகி நிறுவனம் தன் ஊழியர்கள் வேலை நேரத்துக்கு வெளியே வேறு பணிகளைச் செய்ய நிபந்தனைகளோடு அனுமதி தந்தது. அதே மாதம் விப்ரோவின் தலைவர் ரிஷத் பிரேம்ஜி, இரண்டாவது வேலை பார்ப்பது ஏமாற்று என்று பொதுவெளியில் எழுதினார். செப்டம்பரில், போட்டி நிறுவனங்களுக்கு வேலை செய்த 300 பேரை நீக்கிவிட்டதாக அறிவித்தார். இன்ஃபோசிஸ் முதலில் கடுமையாக எச்சரித்து மின்னஞ்சல் அனுப்பியது. அடுத்த மாதமே, மேலாளரின் முன் அனுமதியோடு, நிறுவனத்துக்கோ அதன் வாடிக்கையாளர்களுக்கோ போட்டியாக அமையாத சிறு பணிகளைச் செய்யலாம் என்றது. அப்போதைய மத்திய இணையமைச்சர் ராஜீவ் சந்திரசேகர், இளைஞர்கள் ஒரே நிறுவனத்தில் வாழ்நாளைக் கழிக்கும் காலம் போய்விட்டது என்னும் பொருளில் பேசினார். சில வாரங்களில் எல்லாம் ஓய்ந்தது.

அந்த வாதங்கள் முழுக்க மென்பொருள் துறையைச் சுற்றியே நடந்தன. ஒரே நேரத்தில் இரண்டு நிறுவனங்களின் சம்பளப் பட்டியலில் இருப்பதும், ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து ஒரு பேக்கரிக்கு லோகோ போடுவதும் ஒரே குற்றமாகப் பேசப்பட்டன. இரண்டும் வேறு. முதலாவதில் ஒரே எட்டு மணி நேரம் இரண்டு பேருக்கு விற்கப்படுகிறது, அதை ஏமாற்று என்று சொன்னால் நான் மறுக்க மாட்டேன். இரண்டாவதில் விற்கப்படுவது யாரும் வாங்காத நேரம்.

யாரும் வாங்காத நேரம் என்று நான் சொல்வதற்கு அப்பா காலத்துச் சட்டமே ஆதாரம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில், குறித்த நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் தர வேண்டும் என்று இருந்தது. சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று புத்தாண்டுக் காலண்டர் ஆல்பம் வெளியாகும். அதிலிருந்து மார்கழி வரை அச்சகங்களில் மெஷின் நிற்காது. அந்த மாதங்களில் அப்பா பிரஷ்ஷைத் தொட மாட்டார். ஓவர்டைம் இருக்கும், அதற்கு இரட்டைக் கூலி இருக்கும். அவருடைய மாலை நேரத்தை முதலாளி விலை கொடுத்து வாங்கிக்கொண்டார், அதனால் அது முதலாளியுடையது. மற்ற மாதங்களில் வாங்கவில்லை, அதனால் அது அப்பாவுடையது. அதே சட்டத்தின் 60-ஆவது பிரிவு, ஒருவர் ஒரே நாளில் இரண்டு தொழிற்சாலைகளில் வேலை செய்வதைத் தடுத்தது. அது வேலை நேரம் பற்றிய அத்தியாயத்தில் வருகிறது. தூக்கமில்லாமல் மெஷின் முன்னால் நிற்கிறவனின் விரல் போய்விடக் கூடாது என்கிற கவலையை அதில் பார்க்கிறேன்.

இன்றைய வடிவமைப்பாளருக்கு ஓவர்டைம் கிடையாது. ஆறு மணிக்கு வேலை நேரம் முடிகிறது என்று கடிதம் சொல்லும். ஏழரைக்கு ‘இருந்து முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க’ என்று குரல் வரும். வீட்டுக்குப் போன பிறகும் வாட்ஸ்அப்பில் ‘ஒரு சின்ன கரெக்‌ஷன்’ வரும். அந்த மாலைகளுக்கு யாரும் தனிக் கவர் தருவதில்லை. நேரத்துக்கு விலை கொடுக்காத நிறுவனம், அந்த நேரத்தில் நீ வேறு எதையும் செய்யக் கூடாது என்று மட்டும் எழுதி வாங்கிக்கொள்கிறது. இந்த வழக்கம் அநியாயமானது என்பதே என் கருத்து. முதலாளிமார்களோடு எனக்கு இருக்கும் முதல் சண்டை இதுதான்.

சட்டம் முழுக்கத் தொழிலாளி பக்கம் நிற்கிறது என்றும் நினைத்துவிட வேண்டாம். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. ஆனால் வேலையில் இருக்கும் காலத்தில், இந்த நிறுவனத்துக்கு மட்டுமே உழைப்பேன் என்று ஒப்புக்கொண்டால் அது பொதுவாக அந்தத் தடைக்குள் வராது என்று 1967-ல் செஞ்சுரி ஸ்பின்னிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எனவே கடிதத்தில் உள்ள வரிக்கு வலு உண்டு. அந்த வரி நியாயமாக இருக்கிறதா என்று கேட்பது நம் உரிமை. அது இல்லாதது போல நடந்துகொள்வது ஆபத்து.

இந்த ஆபத்தை ஒரு வடிவமைப்பாளரின் கதையில் முழுசாகப் பார்க்கலாம். கார்ட்டர் பிரையன்ட் அமெரிக்காவில் பார்பி பொம்மைகளைச் செய்யும் மேட்டல் நிறுவனத்தில் பொம்மைகளுக்கு உடையும் தலைமுடியும் வடிவமைத்தவர். பெரிய தலை, பெரிய கண், தடித்த உதடு என்று பார்பிக்கு நேர் எதிரான பொம்மைகளைத் தனியாக வரைந்து வைத்திருந்தார். 2000-ஆம் ஆண்டில், மேட்டலில் இருந்தபடியே அவற்றை எம்ஜிஏ என்ற போட்டி நிறுவனத்திடம் காட்டி ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, பிறகு வேலையை விட்டார். 2001-ல் அவை ‘பிராட்ஸ்’ என்ற பெயரில் கடைக்கு வந்தன. பார்பியின் சந்தையே ஆட்டம் கண்டது.

மேட்டல் 2004-ல் வழக்குப் போட்டது. பிரையன்ட் அந்தப் படங்களை எப்போது வரைந்தார் என்பது பெரிய கேள்வியானது. மேட்டலை விட்டு இடையில் விலகிப் பெற்றோர் வீட்டில் இருந்த 1998-லா, மறுபடி சேர்ந்த பிறகா? 2008-ல் நடுவர் குழு மேட்டலுக்கு 10 கோடி டாலர் தரச் சொன்னது. 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒப்பந்தத்தின் ஒரு சொற்றொடரை நீதிபதிகள் படித்த விதம். ‘பணிக்காலத்தில் எந்த நேரத்திலும்’ உருவாக்கியவை நிறுவனத்துக்குச் சொந்தம் என்று பிரையன்ட் கையெழுத்திட்டிருந்தார். அது இரவையும் வார விடுமுறையையும் சேர்த்தா, வேலை மணிகளை மட்டுமா? இரண்டு விதமாகவும் படிக்க இடமிருக்கிறது, அதை நடுவர் குழு தீர்மானிக்கட்டும் என்றது நீதிமன்றம். 2011-ல் மறுவிசாரணையில் எம்ஜிஏ ஜெயித்தது. அதற்குள் பிரையன்ட் மேட்டலோடு சமரசம் செய்துகொண்டு வழக்கிலிருந்து விலகி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு மனிதனின் ராத்திரி யாருக்குச் சொந்தம் என்று முடிவு செய்ய, பெரிய நிறுவனங்கள் இரண்டுக்கு இத்தனை ஆண்டுகளும் இத்தனை வக்கீல்களும் தேவைப்பட்டார்கள். தாம்பரத்திலோ தாராபுரத்திலோ உட்கார்ந்து லோகோ போடுகிற ஒருவரால் அந்தச் செலவில் ஒரு நாளைக்கூடத் தாங்க முடியாது.

நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுதான் இதற்கு அடிப்படை. வரைந்தவரே முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது அந்த வேலையின் போக்கில் வரைந்தது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குச் சொந்தம். வேலையின் போக்கில் என்கிற சொற்களைக் கவனிக்க வேண்டும். பாடப்புத்தக நிறுவனத்தில் பக்கம் கட்டுகிறவர், ஞாயிற்றுக்கிழமை தன் சொந்தக் கணினியில் ஒரு ஹோட்டலுக்கு மெனு கார்டு செய்தால் அது அந்த வேலையின் போக்கில் வராது என்று வாதிடலாம். ஆபீஸ் கணினியில், ஆபீஸ் எழுத்துருவில், மதியச் சாப்பாட்டு வேளையில் செய்திருந்தால் அந்த வாதம் பாதியில் நின்றுவிடும்.

இதனால்தான் கருவி விஷயத்தில் நான் கறாராக இருக்கிறேன். ஆபீஸ் வாங்கி வைத்திருக்கும் அடோபி சந்தாவில் வெளிவேலை செய்வது, ஆபீஸ் வண்டியில் வாடகைக்கு ஆள் ஏற்றுவது மாதிரி. சொந்தச் சந்தாவுக்குப் பணமில்லை என்றால் இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ், கிருதா எல்லாம் இலவசம். இங்க்ஸ்கேப்பில் யூனிகோட் தமிழ் ஒழுங்காகவே வரும். ஆபீஸின் வாடிக்கையாளர் தனியாகக் கூப்பிட்டு ‘நீங்களே செஞ்சு குடுங்க சார், கம்மியா வாங்கிக்கோங்க’ என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். எனக்கு அப்படி இரண்டு முறை அழைப்பு வந்தது. இரண்டாம் முறை பணம் பெரியது, மகளின் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம் வேறு. மறுத்த பிறகு மனசு கனத்துதான் இருந்தது, ஆனாலும் மறுத்தது சரி.

முதல் மூன்று ஆண்டுகள் நான் ஆபீஸில் யாரிடமும் சொல்லவில்லை. போனைக் கவிழ்த்து வைப்பேன். வாடிக்கையாளர் கூப்பிட்டால் மாடிப்படிக்குப் போய்க் கிசுகிசுப்பேன். அந்தக் காலத்தில்தான் அது நடந்தது. ஒரு நகைக்கடையின் விளம்பரத்தை ராத்திரி மூன்று மணி வரை செய்துவிட்டு, காலையில் பள்ளித் துணைநூல் ஒன்றின் கடைசிப் பக்கங்களை முடித்துக் கொடுத்தேன். இதயம், சிறுநீரகம் இரண்டு படங்களின் விளக்க வரிகள் இடம் மாறிவிட்டன. 3,000 பிரதி அச்சாகி பைண்டிங்கும் முடிந்திருந்தது. பைண்டிங் பிரிவில் ஆறு பெண்கள் இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு பிரதியிலும் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஏன் அப்படி ஆனது என்று யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும் தெரியும். அவர்கள் ஒட்டிக்கொண்டிருந்த மேஜையைத் தாண்டித்தான் நான் தண்ணீர் பிடிக்கப் போக வேண்டும்.

அந்த வாரமே மேலாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வெளிவேலை செய்கிறேன், என்ன மாதிரியான வேலை, யாருக்குச் செய்ய மாட்டேன், வாரத்தில் எத்தனை இரவு. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “எழுதிக் குடுங்க. நம்ம சிஸ்டத்துல செய்யாதீங்க. வெள்ளிக்கிழமை ஃபைனல் போற வாரத்துல ராத்திரி எதையும் எடுக்காதீங்க” என்றார். அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதில் அவரும் கையெழுத்துப் போட்டார். எல்லா மேலாளரும் இப்படி இருக்க மாட்டார்கள் என்பது தெரியும். சொன்னதற்காகவே வேலை போன ஒருவரையும் எனக்குத் தெரியும். ஆனாலும் என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள் என்றே சொல்கிறேன். மறைத்து வைத்த வேலைக்கு வரம்பு இருக்காது. சொல்லிவிட்ட வேலைக்கு மேலாளர் ஒரு வரம்பு வைப்பார், நாமும் ஒன்று வைத்துக்கொள்வோம்.

மத்திய அரசு ஊழியர்களின் 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகள்கூட இந்த விஷயத்தில் பல தனியார் கடிதங்களைவிட நாகரிகமானவை. அரசு ஊழியர் முன் அனுமதி இல்லாமல் வணிகம் செய்யக் கூடாது. ஆனால் எப்போதாவது செய்யும் இலக்கிய, கலை, அறிவியல் பணிக்கு அனுமதி வேண்டியதில்லை, அலுவலகக் கடமை கெடாமல் இருந்தால் போதும் என்கிறது 15-ஆவது விதி. பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்துகொண்டே ரங்கராஜன் என்பவர் மனைவியின் பெயரில் எழுதினார். சுஜாதாவின் கதைகளை வாரந்தோறும் படித்தவர்கள் யாரும் அதை ஏமாற்று என்று நினைக்கவில்லை. ஓவியர் ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தவர். நவீனத் தமிழ் இதழ்களும் நூல்களும் இன்று கண்ணுக்குப் பழகிய முகத்தோடு இருப்பதற்கு அவர் வரைந்து தந்த தலைப்பெழுத்துகளும் கோட்டோவியங்களும் பெரிய காரணம். 1966-ல் கே.சி.எஸ். பணிக்கரும் மாணவர்களும் சென்னைக்குத் தெற்கே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தபோது, பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றுத்தான் வயிற்றைப் பார்த்துக்கொண்டார்கள். மீதி நேரத்தில் ஓவியம். சோறு போடும் வேலை ஒன்று, மனசு கேட்கும் வேலை இன்னொன்று என்பது இங்கே புதிதாக முளைத்த பேராசை இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, நம் பக்கத்துத் தவறுக்கு வருகிறேன். என் இரண்டாவது சண்டை என்னைப் போன்ற சம்பளக்காரர்களோடு. நாம் நம் ராத்திரிகளைக் கேவலமான விலைக்கு விற்கிறோம்.

கணக்குப் பார்ப்போம். மாதம் 40,000 சம்பளம், 25 நாள், நாளுக்கு எட்டு மணி நேரம். ஒரு மணிக்கு 200 ரூபாய். இதற்கு மேல் நிறுவனம் வருங்கால வைப்பு நிதிக்குத் தன் பங்கைக் கட்டுகிறது, சம்பளத்தோடு விடுப்பு தருகிறது, கணினி, மென்பொருள், மின்சாரம், நாற்காலி எல்லாம் தருகிறது. இவற்றைச் சேர்த்தால் நம் ஒரு மணி நேரத்துக்கு 300 ரூபாயாவது ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம். இனி ஒரு லோகோ. வாடிக்கையாளரோடு பேச்சு இரண்டு மணி. வரைய ஆறு மணி. கரெக்‌ஷன் நான்கு மணி. அச்சுக்கு ஒன்று, ஃப்ளெக்ஸுக்கு ஒன்று, வாட்ஸ்அப் முகப்புக்கு ஒன்று என்று ஃபைல் பிரித்துக் கொடுக்க ஒரு மணி. பணத்துக்காகப் பேச ஒரு மணி. மொத்தம் பதினான்கு. 4,200 ரூபாய் வாங்கினால்தான் ஆபீஸில் நம் நேரத்துக்கு இருக்கும் மதிப்பு வீட்டிலும் இருக்கிறது என்று பொருள். நாம் 1,500 வாங்குகிறோம். மணிக்கு 107 ரூபாய்.

ஏன் வாங்குகிறோம்? சம்பளம் வருகிறது, இது மேல் வரும்படிதானே என்று நினைக்கிறோம். அந்த நினைப்பு யாரை அடிக்கிறது என்று பார்க்க வேண்டும். தென்காசியிலோ தர்மபுரியிலோ பேருந்து நிலையம் பக்கத்தில் டிடிபி கடை வைத்திருப்பவருக்கு மாதச் சம்பளம் இல்லை. கடை வாடகை, கரண்ட் பில், பிரின்டருக்கு மை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அந்த லோகோவிலிருந்தும் அந்தப் பத்திரிகையிலிருந்தும்தான் வர வேண்டும். அவர் 4,000 கேட்டால், ‘மெட்ராஸ்ல ஒருத்தர் ஆயிரத்து ஐந்நூறுக்குச் செய்றார்’ என்று வாடிக்கையாளர் சொல்கிறார். அந்த ஒருத்தர் நான். என் விலையில் இருந்த குறைவை என் நிறுவனத்தின் சம்பளம் ஈடுகட்டியது. அவருடைய குறைவை ஈடுகட்ட யாரும் இல்லை. வெளிவேலை செய்கிற சம்பளக்காரர் முதலாளிக்கு என்ன துரோகம் செய்கிறார் என்று 2022-ல் பக்கம் பக்கமாக எழுதினார்கள். சக தொழிலாளிக்குச் செய்யும் இந்தத் துரோகத்தைப் பற்றி ஒரு வரிகூட நான் படிக்கவில்லை.

தமிழில் வடிவமைப்பது கூடுதல் உழைப்பு கேட்கும் வேலை என்பதையும் விலை போடும்போது மறந்துவிடுகிறோம். ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டர் வாட்ஸ்அப்பில் யூனிகோடில் வரும். பத்திரிகைக்குப் பொருத்தமான அழகான எழுத்துரு பழைய குறியீட்டில் இருக்கும். மாற்றியில் போட்டு எடுத்தால் ஒற்றைக் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போய் நிற்கும், ‘கொ’ என்பது ‘கெ’ என்றும் தனிக் காலென்றும் உடைந்திருக்கும். பழைய ஃபோட்டோஷாப் பதிப்புகளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பை மாற்றி வைக்காவிட்டால் யூனிகோடும் இதே கோலத்தில்தான் வரும். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும், இதை எந்த மென்பொருளும் நமக்காகச் செய்யாது. பிறகு பெயர்கள். தாத்தா பாட்டி, தாய்மாமன், அத்தை, சித்தப்பா, அவரவர் பட்டம், ஊர். ப்ரூஃப் போன பிறகு பெண் வீட்டிலிருந்து ஒரு திருத்தம், மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு திருத்தம். ‘பெரிய மாமா பேரு கீழ போயிருச்சு, மேல ஏத்துங்க தம்பி’ என்று ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு குரல் வரும். அந்தப் பெயர் மேலே போகாவிட்டால் அந்த வீட்டில் ஒரு உறவு முறியும் என்பது உண்மை, அதனால் எழுந்து உட்கார்ந்து ஏற்றுவோம். இந்த உழைப்பு 800 ரூபாய்க்கு நடக்கிறது.

பெண்கள் இதைச் செய்யும்போது கணக்கு இன்னும் கொடியது. என் பிரிவில் இருந்த ஒருவர் ஆபீஸ் முடிந்து வீட்டுக்குப் போய், சமைத்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, மாமியாருக்கு மாத்திரை கொடுத்து, பாத்திரம் கழுவி, ராத்திரி பத்தரைக்கு லேப்டாப்பைத் திறப்பார். எனக்கு அது இரண்டாவது ஷிப்ட், அவருக்கு மூன்றாவது. “அந்த ரெண்டு மணி நேரம்தான் சார் யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க” என்று அவர் ஒருமுறை சொன்னார். பணத்துக்காக மட்டும் அவர் அதைச் செய்யவில்லை. தான் வரைந்த ஒரு பொருளில் தன் முடிவு மட்டுமே இருக்க வேண்டும் என்ற ஆசை அது. ஆபீஸில் வடிவமைப்பாளர் கொடுப்பதை நாலு பேர் மாற்றுவார்கள். இரவில் வாடிக்கையாளர் ஒருவர்தான். அந்த ஆசையை எந்த நியமனக் கடிதமும் வாங்கிக்கொள்ள முடியாது.

எழுதி வைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் வாட்ஸ்அப்பில் ‘ஓகே அண்ணா’ என்ற பதிலை ஒப்பந்தமாக எடுத்துக்கொள்கிறார்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எவ்வளவு காலத்துக்கு என்று சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு, எந்த எல்லைக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். நீங்கள் செய்து கொடுத்த எண்ணெய் லேபிளை அவர் சிங்கப்பூருக்கு அனுப்பத் தொடங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஓவியம், உருவப்படம், புகைப்படம் ஆகியவற்றைக் காசு வாங்கிக்கொண்டு செய்தால் முதல் உரிமை செய்யச் சொன்னவருக்கே போகும் என்று சட்டம் தனியாகச் சொல்கிறது. லோகோ எந்த வகை என்று நாளைக்கு ஒரு வக்கீல் வாதாட இடமிருக்கிறது. அரைப் பக்கம் போதும்: என்ன வேலை, எத்தனை முறை திருத்தம், எவ்வளவு பணம், பாதி முன்பணம், சோர்ஸ் ஃபைல் உண்டா இல்லையா, உரிமை எப்போது கைமாறும். அதைக் கேட்டாலே ஓடிவிடுகிற வாடிக்கையாளர், பணம் கேட்கும்போதும் ஓடியிருப்பார்.

வருமான வரியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளிவேலைப் பணமும் வருமானம்தான். ஜிபேயில் வந்தால் யாருக்கும் தெரியாது என்பது பழைய நம்பிக்கை. நிறுவனங்கள் தொழில்முறைக் கட்டணமாகத் தரும்போது 10 சதவீதம் பிடித்துக்கொண்டால் அது உங்கள் பான் எண்ணில் வரித்துறைக் கணக்கில் ஏறிவிடும். சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் முதலாம் எண் படிவம் அப்போது செல்லாது. ஒரு கணக்காளரிடம் ஆண்டுக்கு ஒருமுறை போய் வந்தால் போதும்.

போன வாரம் எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் தன் போனைக் கொண்டுவந்து காட்டினாள். பொள்ளாச்சிப் பக்கம் செக்கு எண்ணெய் தொடங்கியிருக்கும் ஒருவர் லோகோவும் மூன்று லேபிளும் கேட்டிருக்கிறார். மேலாளரிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டாளாம். “2,500 போட்டிருக்கேன், ஜாஸ்தியா அண்ணா?” என்றாள். எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேட்டேன். அதை அவள் யோசித்திருக்கவில்லை. ஒரு தாளில் இருவரும் எழுதிக் கூட்டினோம். லேபிளில் உணவுப் பாதுகாப்பு உரிம எண், எடை, தயாரித்த தேதிக்கு இடம், தமிழில் சேர்மானப் பட்டியல், அந்தச் சின்ன எழுத்து அச்சில் உடையாமல் இருக்கிறதா என்று ஒரு சோதனை. இருபத்திரண்டு மணி வந்தது. அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

2,500-ஐ அழித்துவிட்டு 7,000 என்று போட்டாள். இரண்டு முறை திருத்தம், பாதி முன்பணம் என்று கீழே சேர்த்தாள். “இப்பவே அனுப்பிறட்டுமாண்ணா?” என்றாள். மணி ஐந்தே முக்கால். கொஞ்சம் யோசித்துவிட்டு அவளே போனைப் பைக்குள் வைத்தாள். ஆறே காலுக்கு, கேட்டைத் தாண்டி டீக்கடைப் பக்கம் நின்று அதை அனுப்பியதைப் பார்த்தேன். எண்ணெய்க்காரரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.